எதிர்காலம் அந்த ஃபைலுக்கு மட்டும்

1

நெதர்லாந்துக்கு வந்து போன வாரத்தோடு பதினைந்து வருடம். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கேக்கை வாயில் வைத்துக்கொண்டே நான் எரிச்சலில் இருந்தேன், வீட்டுக்கு வந்த பிறகும் அது தீரவில்லை. "வெளிநாட்டில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு இவளுக்கு என்ன கோபம்" என்று ஊரில் இருந்து படிக்கிறவர்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். பதில் கொஞ்சம் நீளம்.

என் அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு அவர் அய்யா. திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறார். எழுபத்திரண்டு வயது. அம்மா இல்லை. வாழ்க்கையில் முக்கால்வாசியை அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தே கழித்தவர். நான்கு வருடத்துக்கு முன்னால் தளம் போட்டு இரண்டு அறை வீடு கட்டினார். ஒரு அறை அவருக்கு, இன்னொன்று என் மகள் மதிக்கு. மதி இங்கே வரும்போது ஒரு வயதுக் குழந்தை, இப்போது பதினாறு. அந்த அறையில் இதுவரை ஒரு நாள்கூட அவள் தூங்கியதில்லை.

காரணம் நான்தான். ஊருக்குப் போகும்போதெல்லாம் கோரிப்பாளையம் பக்கம் ஒரு லாட்ஜில் தங்குவோம், அய்யா பஸ் ஏறி எங்களைப் பார்க்க வருவார். ஒரு வருடம் கொசு என்று சொன்னேன், கொசுவலை வாங்கினார். அடுத்த வருடம் பாத்ரூம் என்று சொன்னேன், அறையோடு சேர்த்துக் கட்டினார். போன வருடம் வெக்கை என்றேன். இந்தச் சித்திரையில் வீடியோவில் ஏசியைக் காட்டுகிறார்.

"இப்பச் சொல்லு செல்வி. இன்னும் என்ன வேணும் புள்ளைக்கு?"

"அடுத்த தடவை பாப்போம்யா" என்றேன்.

ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. அய்யா அங்கே தனியாக இருக்கிறார். எழுத முடியவில்லையே என்பதும் ஒரு கோபம்தான்.

2

என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அது தெரியாமல் மீதி புரியாது. மாட்டுப் பண்ணைகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிறிய நிறுவனம் எங்களுடையது. ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. எந்த மாட்டுக்கு எவ்வளவு தீவனம் என்று கணக்குப் போட்டு அதுதான் இயந்திரத்துக்குச் சொல்லும். பெட்டிகள் பழசு. அவற்றில் ஓடுவது பைத்தான் என்கிற நிரல்மொழியின் பழைய வெர்ஷன். புதியதை ஏற்றினால் பெட்டியோடு இணைத்திருக்கிற தராசு பேச மாட்டேன் என்கிறது.

படித்து முடித்து வருகிற பிள்ளைகளுக்கோ புதிய வெர்ஷன்தான் தெரியும். ஆகவே அவர்கள் புதுசில் எழுதுவது போலவே எழுதவும் வேண்டும், அது பழைய பெட்டியில் ஓடவும் வேண்டும். நடுவில் உட்கார்ந்து அதற்கு வழிசெய்கிற ஆள் நான். புதுசில் இருக்கிற, பழசில் இல்லாத ஒரு வசதியை அதே பெயரில் என் கையால் எழுதிப் பழசுக்குள் வைத்துவிடுவேன். கூப்பிட்டால் குரல் கொடுக்கும். புதுசு மாதிரி நடிக்கப் பழசுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில வசதிகளுக்கு அந்தச் சிரமமும் வேண்டாம், பழைய வெர்ஷனிலேயே ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். ஃபைலின் உச்சியில் "ஃப்ரம் ஃப்யூச்சர் இம்போர்ட்" என்று தொடங்கி ஒரு வரி எழுதினால் போதும். எதிர்காலத்திலிருந்து இதைக் கொண்டு வா என்று அர்த்தம். முதன்முதலில் அதைப் படித்தபோது கல்லூரிப் பெண்ணான எனக்கு மெய் சிலிர்த்தது. இவ்வளவு லேசாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா எதிர்காலத்தை!

அப்படிக் கொண்டு வருவதில் முக்கியமானது வகுத்தல். மூன்றை இரண்டால் வகுக்கச் சொன்னால் பழைய வெர்ஷன் ஒன்று என்று சொல்லும். அரையை விழுங்கிவிடும். தப்பு என்று கத்தாது, சிவப்பு எழுத்து காட்டாது. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் என்பது அதன் சட்டம். புதிய வெர்ஷன் ஒன்றரை என்று சொல்லும். அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் பழைய பெட்டியும் ஒன்றரை என்று சொல்லும்.

பெட்டிகளையே மாற்றிவிடலாமே என்று வருடத்துக்கு ஒரு முறை கூட்டத்தில் கேட்கிறேன். "ஓடிக்கொண்டுதானே இருக்கிறது" என்கிறார்கள். ஓடுகிறது என்பதற்காக எதை எதையெல்லாம் விட்டுவைப்பீர்கள் என்று ஒரு நாள் கேட்டும்விட்டேன். எல்லோரும் காபியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

3

அரை விஷயத்தில் எனக்கும் இந்த நாட்டுக்கும் முதல் வருடத்திலிருந்தே தகராறு. குடியிருப்பு அனுமதி அலுவலகத்தில் "அரை மூன்றுக்கு வாருங்கள்" என்று டச்சில் சொன்னார்கள். நம் காதுக்கு அது மூன்றரைதானே? கைக்குழந்தையோடு மூன்றேகாலுக்கே போய் நின்றேன். இவர்களுக்கு அரை மூன்று என்றால் மூன்றை எட்ட அரை மணி இருக்கிறது, அதாவது இரண்டரை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் கடிகாரத்தைக் காட்டினாள், நான் காகிதத்தைக் காட்டினேன். இன்னொரு தேதி கிடைக்க ஏழு வாரம் ஆனது. திட்டுவதற்கு டச்சு தெரியாத காலம். தமிழில் திட்டிவிட்டு வந்தேன்.

இப்போது கார்த்தி. நான்கு மாதத்துக்கு முன்னால் எங்கள் குழுவில் சேர்ந்தவன், இருபத்தாறு வயது. அவனும் திருமங்கலத்துக்கு மேற்கேதான். அவன் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர். அய்யா கூலிக்குப் போனது போன்ற வயல்களைத் தலைமுறையாக வைத்திருக்கிற குடும்பம். முதல் நாள் அவன் கேட்ட முதல் கேள்வியே எந்த ஊர் என்பதுதான்.

"மதுரையாக்கா? மதுரைல எங்க?"

"ஆரப்பாளையம்."

அதுவும் முழுப் பொய் இல்லை. கல்லூரிக் காலத்தில் மூன்று வருடம் ஆரப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் நான்கு பெண்களோடு இருந்தேன். யார் கேட்டாலும் அந்த மூன்று வருடத்தை எடுத்து நீட்டி நீட்டி இருபது வருடம் ஓட்டியிருக்கிறேன். எங்கே, எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று இறங்கி இறங்கி வருவார்கள் நம் ஆட்கள். ஆரப்பாளையம் என்றால் பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடுவார்கள். கார்த்தியும் நின்றான். "அங்க நைட்டு புரோட்டா செமையா இருக்கும்ல" என்று பேச்சு வேறு பக்கம் போனது.

நல்ல பையன், அதையும் சொல்ல வேண்டும். அக்கா அக்கா என்று சுற்றி வருவான். போன மாதம் என்னுடைய ஃபைல் ஒன்று பெரிதாகிவிட்டது என்று கன்றுக்குட்டித் தீவனக் கணக்கை மட்டும் வெட்டி எடுத்துப் புது ஃபைலில் வைத்தான். சுத்தமான வேலை. உச்சியில் இருந்த அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துப் போகவில்லை.

ஒரு கன்றுக்கு நாளைக்கு மூன்று கிலோ, இரண்டு வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். வேளைக்கு ஒன்றரைக்குப் பதில் ஒன்று போனது. இரண்டு வாரம், ஒரு கொட்டகை முழுக்கக் கன்றுகள் மூன்றில் இரண்டு பங்கு தின்றுகொண்டு கத்திக்கொண்டு நின்றிருக்கின்றன. கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. பண்ணைக்காரர்தான் போன் செய்தார்.

"உங்கள் பெட்டி எல்லாம் சரி என்கிறது. என் கன்றுகள் சரியில்லை என்கின்றன. நான் கன்றுகளைத்தான் நம்புவேன்."

டச்சுக்காரர்கள் தாழ்ந்த குரலில் பேசுகிற அந்த அறையில் நான் கார்த்தியைப் பார்த்துத் தமிழில் கத்தினேன்.

"அந்த லைன் எங்கடா? எங்க போச்சு?"

அவன் முகம் செத்துப்போனது. "சாரிக்கா. மெயின் ஃபைல்ல போட்டிருக்கீகல்ல, எல்லாத்துக்கும் சேந்துரும்னு நெனச்சுட்டேன்."

"சேராதுடா! எந்த ஃபைல்ல எழுதுறியோ அந்த ஃபைலுக்கு மட்டுந்தான் அது. பக்கத்து ஃபைலுக்கு அது தெரியவே தெரியாது. அங்க பழைய கணக்குதான் ஓடும்."

வரியைச் சேர்த்தோம். சாயங்காலத்துக்குள் கொட்டகை அடங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துத் தயங்கித் தயங்கி என் மேஜைக்கு வந்தான். "அம்மா வந்திருக்காகக்கா, மூணு மாசம் இருப்பாக. ஞாயித்துக்கிழமை மதியோட சாப்பிட வாங்க." கத்தியதற்கு நானே வருந்திக்கொண்டிருந்தேன். வருகிறேன் என்றேன்.

4

கார்த்தியின் அம்மா வெள்ளந்தியாகத்தான் தெரிந்தார். குளிருக்கு மகனுடைய ஜெர்கினைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தார். மதியின் தமிழ் அவரை மயக்கிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாது அவளுக்கு, ஆனால் அய்யாவோடு தினமும் வீடியோவில் பேசிப் பேசி எங்கள் பக்கத்துப் பேச்சு அப்படியே ஒட்டிக்கொண்டது. ரகரத்தில் மட்டும் டச்சு வாடை அடிக்கும்.

"இன்னும் எம்புட்டு வைப்பீங்க பாட்டி, போதும்" என்றாள்.

"அடி ஆத்தி! நம்மூருப் புள்ள மாதிரியே பேசுது பாருடா. யாருகிட்டத்தா படிச்ச?"

"தாத்தாகிட்ட. டெய்லி பேசுவாரு."

"தாத்தா ஆரப்பாளையத்துலயா இருக்காக?"

"இல்ல. காலனியில."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. "காலனில கரண்ட் இல்ல தாயி", "காலனிக்குத் தண்ணி வந்துருச்சு தாயி" என்றுதான் அய்யா பேசுவார். அவளுக்கு அது ஒரு இடத்தின் பெயர், அவ்வளவுதான். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு, தாத்தா தெருவை டச்சுக்காரர்கள் ஆண்டார்களா என்று ஒரு முறை என்னிடம் கேட்டாள். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்கு மாற்றினேன். மதுரைப் பக்கம் கிராமத்தில் காலனி என்றால் யார் வீடு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியவளுக்கு விளக்கவில்லை.

கரண்டி அந்தரத்தில் நின்றது. அந்த அம்மா மதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கார்த்தி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்தக் காலனித்தா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "பேங்க் காலனியா?" என்றார்.

நகரத்தில் அப்படியும் காலனிகள் உண்டு. பேங்க்கில் வேலை பார்த்தவர்கள் மனை வாங்கி, வேப்பமரம் வைத்து, கேட் போட்டுக் குடியிருப்பவை. அந்த அம்மா எனக்குத் தப்பிக்க ஒரு வழி காட்டினார். என் மீது இரக்கப்பட்டா, தன் சோற்றைத் தான் நிம்மதியாகத் தின்னவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருபது வருடம் நான் செய்துகொண்டிருந்த வேலையை அன்றைக்கு அவர் எனக்காகச் செய்து கொடுத்தார்.

"ஆமாம்மா. பேங்க் காலனி."

"அப்டிச் சொல்லுத்தா" என்றார். கரண்டி நகர்ந்தது. மதியின் தட்டில் ஒரு கறித்துண்டு கூடுதலாக விழுந்தது.

மதி அதைத் தொடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

திரும்பும்போது சைக்கிளில் எனக்கு முன்னால் போனாள். வாய்க்கால் பாலத்தில் காலை ஊன்றி நின்றாள்.

"தாத்தா ஊர்ல எங்கம்மா பேங்க் இருக்கு?"

"சும்மா சொன்னேன் மதி."

"பேங்குக்குப் போறதுன்னா தாத்தா திருமங்கலத்துக்கு பஸ்ல போவாரு. எனக்குத் தெரியும். ஏன் பொய் சொன்ன?"

"அது உனக்குப் புரியாது."

சொல்லியிருக்கவே கூடாது. பதினாறு வயதுப் பெண்ணிடம் யாரும் சொல்லக் கூடாத வாக்கியம். அவள் டச்சுக்கு மாறினாள். கோபம் வந்தால் அவளுக்கு டச்சுதான், அதில் நான் எப்போதும் இரண்டு வார்த்தை பின்தங்கியே இருப்பேன். ஜூலை விடுமுறைக்குப் போகும்போது தாத்தா வீட்டில்தான் தங்குவேன், ஒரு மாதம், நீ வேண்டுமானால் லாட்ஜில் இருந்துகொள் என்றாள். அது முடியாது என்றால் இனிமேல் உன்னோடு ஊருக்கே வரமாட்டேன் என்றாள். மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. அவள் அப்பாவும் நானும் பிரிந்தபோதும் இதே குரலில்தான் தன் பெட்டியை எந்த வீட்டில் வைப்பது என்று முடிவு சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். யார் மேல் கோபம்? கரண்டியை நிறுத்திய அம்மா மேல். தட்டைப் பார்த்த கார்த்தி மேல், அக்கா அக்கா என்று கூப்பிடத் தெரிந்த வாய்க்கு அந்த நேரத்தில் ஒரு சொல் வரவில்லை. ஊர் மேல். மூன்று மாதத்துக்கு முன்னால் தெருவுக்கு மல்லிகைத் தெரு என்று பச்சைப் போர்டு நட்டார்கள், அய்யா அதன் பக்கத்தில் நின்று படம் அனுப்பினார். "பேரு மாறிருச்சாய்யா?" என்று கேட்டேன். "போர்டு மாறிருச்சு. ஷேர் ஆட்டோக்காரன் காலனி எறங்குன்னுதான் இன்னும் கத்துறான்" என்றார்.

எல்லாரையும்விட என் மேல்தான் கோபம். படித்தேன், பிளேன் ஏறினேன், என் ஃபைலின் உச்சியில் அந்த வரியை அழகாக எழுதிக்கொண்டேன். என் வீட்டுக்குள் மூன்றை இரண்டால் வகுத்தால் ஒன்றரை வரும். அது அய்யாவுக்கும் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன், மதிக்குத் தானாகப் போய்விடும் என்று நினைத்தேன். ஒரு புதுப் பையன் செய்த தப்புக்கு அறை அதிரக் கத்தியவள், அதே தப்பைப் பதினைந்து வருடமாகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். விழுங்கப்பட்ட அரை அய்யாவுடையது. அவர் ஒரு வார்த்தை கத்தவில்லை. கொசுவலை வாங்கினார், பாத்ரூம் கட்டினார், ஏசி மாட்டினார்.

6

மறுநாள் மாலை அய்யாவைக் கூப்பிட்டேன். மதி பக்கத்தில் இருந்தாள், ஸ்பீக்கரில் போட்டேன்.

"அய்யா, ஜூலைல வாரோம். நம்ம வீட்டுலதான் தங்குறோம்."

"லாட்ஜு?"

"லாட்ஜு இல்ல. வீட்டுல. ஒரு மாசம்."

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "கட்டிலுக்கு மெத்தை வாங்கணுமே" என்றார். "புள்ள இட்லி திங்குமா, தோசையா? சொல்லிருங்க, மாவுக்குச் சொல்லணும்." மதி சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினார், ஸ்பீக்கர் என்று அவருக்குத் தெரியாது.

"செல்வி, ஒண்ணே ஒண்ணு. புள்ளைய எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போ. ஊர் மந்தையில இருக்கிற டீக்கடைக்கு மட்டும் வேணாம்."

"ஏன் தாத்தா?" என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டாள் மதி.

போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன். அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

அய்யா தடுமாறினார். "தாயி, நீயா?... ஒண்ணுமில்ல. அங்க எல்லாருக்கும் கண்ணாடி கிளாசு. நமக்குப் பேப்பர் கப்பு. அம்புட்டுத்தான்."

"பேப்பர் கப்பு சுத்தந்தானே தாத்தா?"

"அவுகளும் அப்டித்தான் தாயி சொல்றாக."

நெதர்லாந்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது விளங்காது, இதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் விடவில்லை.

"நமக்குன்னா யாருக்கு?"

"காலனிக்காரவுகளுக்கு." அய்யா தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க அப்பன் காலத்துல செரட்டையில ஊத்துனாக. என் காலத்துல தனிக் கிளாசு, குடிச்சுட்டு நாமளே கழுவி வைக்கணும். யாரோ கேசு போட்டாக, கிளாச எடுத்துட்டு இப்ப பேப்பர் கப்பு. கேட்டா சுகாதாரம்ங்கிறாக. போலீசு வந்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது பாரு."

நான் பதினாறு வருடமாக எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விட்டதை அவர் ஐந்தாறு வாக்கியத்தில் முடித்துவிட்டார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"நீங்க அங்க குடிப்பீங்களா?"

"இருவது வருசமாச்சு தாயி. வீட்டுல போட்டுக் குடிச்சுக்கிறது."

"யாராச்சும் உங்க வீடு எங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"காலனிம்பேன். வேறென்ன சொல்ல? எனக்கென்ன வெக்கம் தாயி, தப்புப் பண்ணுனது நானா?"

மதி என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் அது அழுகை இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே போனில் கேட்டாள்.

"அப்ப அம்மா மட்டும் ஏன் தாத்தா பேங்க் காலனின்னு சொன்னாங்க?"

"யாரு?"

"அம்மா. ஒரு பாட்டி கேட்டாங்க. பேங்க் காலனின்னு சொன்னாங்க."

அய்யா பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரலில் பேசினார்.

"இல்ல தாயி. எம்மக அப்டிச் சொல்லியிருக்க மாட்டா. நீ சரியாக் கேட்டிருக்க மாட்ட."

மதி போனை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன்.

"சரியாத்தான்யா கேட்டிருக்கா" என்றேன்.